தள்ளிப்போன கோடு

கல்லூரி ஓட்டக்காரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்டெல்லாவுக்கு இசக்கியம்மாளிடம் ஒரே ஒரு குறைதான். முடிவுக்கோடு கண்ணில் பட்டதுமே அவளுக்குக் கால் தளர்ந்துவிடும். ஜெயிக்க வேண்டியதைக் கடைசி எட்டில் பறிகொடுப்பாள். "ஏட்டி, கோடு இங்க இல்லன்னு நெனச்சுக்கோ. அந்தா, அந்த வேப்பமரத்துல கெடக்கு" என்றாள் ஸ்டெல்லா. வேப்பமரம் பழகியதும் கோடு மைதானத்து கேட்டுக்குப் போனது, அங்கிருந்து எதிர்த்த டீக்கடைக்கு. அதே மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி வந்தது. இந்த முறையும் பதக்கம் இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லியிருந்தார். "இன்னைக்குக் கோடு எங்க மேடம்?" என்று வந்து நின்றாள் இசக்கி. ஸ்டெல்லா இருந்த பதற்றத்தில், "ஒங்க வீட்டு வாசல்ல கெடக்கு, போ" என்றாள்.

ஐயாயிரம் மீட்டரின் கடைசிச் சுற்றில் இசக்கி எல்லாரையும் முந்தி, நாடாவை நெஞ்சில் வாங்கிக்கொண்டு கோட்டைக் கடந்தாள். கல்லூரிக்கு முதல் தங்கம். ஸ்டெல்லா துள்ளிக் குதித்தாள். இசக்கி நிற்கவில்லை. வேப்பமரத்தைத் தாண்டினாள், கேட்டைத் தாண்டினாள். டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாடா அவள் தோளில் பறந்துகொண்டே போனது.

மேடையில் நடுப்படி காலியாகக் கிடக்க, இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டார்கள். பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் ஸ்டெல்லாவின் போன் அடித்தது. இசக்கியின் அம்மா.

"மேடம், பிள்ள வந்துட்டா. தண்ணிகூடக் குடிக்காம நிக்கா. டைம் எவ்வளவுன்னு கேக்கா."

ஸ்டெல்லா உள்ளங்கையை விரித்தாள். ஸ்டாப்வாட்சை அவளும் நிறுத்தியிருக்கவில்லை.