இரண்டு வாஷ்பேசின், ஒரு சொட்டு

“நான் மாட்டின குழாய் ஒழுகணும்னா, தண்ணி முதல்ல என்கிட்ட அனுமதி வாங்கணும் மேடம்.”

பிளம்பர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். அவருடைய கார்டில் ‘வடிகால் நிபுணர்’ என்றே அச்சாகியிருந்தது.

மூன்றாவது மாடி வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்து, அடுத்தடுத்து இரண்டு வாஷ்பேசின்கள் வைத்திருந்தார்கள். அடியில் குழாய் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. உரிமையாளர் போனிலேயே சொல்லிவிட்டார்: “இது சரியா வந்தா, என்னோட மத்த பதினாறு வீட்டுக்கும் நீங்கதான்.”

இன்னும் பூசாத வாசலைத் தாண்டி டார்ச்சும் பழைய பேப்பர் கட்டுமாக வந்த அம்மாள், பேசின்களுக்கு அடியில் தலையை நீட்டினார்.

“ரெண்டுக்கும் சேர்த்து, நாத்தம் மேல வராம தடுக்கிற வளைவு ஒண்ணுதானா?”

“ஒண்ணேதான் மேடம். சில பேர் ஆளுக்கொரு வளைவு போட்டுட்டு, சுவர்கிட்ட மூணாவதா இன்னொண்ணு போடுவாங்க. தண்ணி வழி தெரியாம முழிக்கும்.”

“சரிவு?”

பிளம்பர் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்தார். குமிழி, நகக்கண் அளவுக்கு மட்டும் நகர்ந்து நின்றது.

“அழகு!” என்றார் அம்மாள்.

நிபுணரின் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. ஆனால் அம்மாள் இணைப்புகளுக்கு அடியில் பேப்பரைப் பரப்ப ஆரம்பித்தார்.

“எதுக்கு மேடம்? குழாய் ராசிபலன் பார்க்குமா?”

“காஞ்ச பேப்பர் பொய் சொல்லாதுப்பா. ரெண்டு பேசினையும் வாய் வரைக்கும் நிரப்புங்க. ரெண்டையும் ஒண்ணாத் திறக்கணும்.”

“இப்படி ஜோடி போட்டு எந்த வீட்டுல மேடம் பல்லு விளக்கறாங்க?”

“ஒண்ணு... ரெண்டு... மூணு!”

தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. அம்மாள் டார்ச்சைத் திருப்பினார். பேப்பரில் கடுகளவு ஈரம்.

“அது என் வேர்வை மேடம்.”

“உங்க வேர்வை நட்டு வழியாவா வருது?”

நிபுணர் நட்டைக் கழற்றினார். உள்ளே ரப்பர் வளையம் மடங்கிக் கிடந்தது. பதினாறு வீடுகள் கண்முன் வரிசையாக வந்துபோயின. அந்த ஒன்றோடு நிறுத்தவில்லை. எல்லா இணைப்புகளையும் கழற்றி, துடைத்து, வளையங்களை மாற்றி மாட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே புதுப் பேப்பரை எடுத்து, சுருக்கமில்லாமல் நீவி, அடியில் விரித்தார்.

மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. பேப்பர் இஸ்திரி போட்டதுபோல் மொறமொறவென்று இருந்தது.

“வேலைன்னா இது வேலை!” அம்மாளின் முகம் மலர்ந்தது. “ஒரு சொட்டுக்காக மொத்தத்தையும் கழட்டினீங்க பாருங்க. இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் ‘தானா நின்னுடும்’னு சொல்லிட்டுப் போனவங்கதான்.”

நிபுணர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வீட்டு மேல இவ்வளவு அக்கறையா இருக்கிற வீட்டுக்கார அம்மாவை நான் பார்த்ததே இல்ல மேடம். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே உள்ளே இருக்கிற இன்னொரு பாத்ரூமையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன்.”

“எந்த சார்கிட்ட? நான் ரெண்டாவது மாடிப்பா, என் கட்டிலுக்கு நேர் மேல இருக்கிறது இந்த பாத்ரூம்தான்” என்று டார்ச்சை அணைத்துவிட்டுப் படியிறங்கினார் அம்மாள். “அந்த பாத்ரூமுக்குக் கீழ படுக்கிறது என் மாமியார்.”