பூஜிதாவின் ஃபைல்

என் ஆராய்ச்சி வழிகாட்டி வஹீது சார் என்னை "ஏம்மா" என்பார். எனக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பூஜிதாவை மட்டும் "கண்ணு" என்பார். இரண்டு வருடமாக எனக்கு வயிறு எரிகிறது.

பீளமேட்டு லேபில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. புதிதாக வந்த கிரேடட் இண்டெக்ஸ் ஃபைபர் என்ற ஒளி இழையில், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே இரண்டாவது மோடு, அதாவது ஒளி பரவும் இரண்டாவது விதம், நிற்காமல் போகும் என்று கணக்கிட வேண்டும். நான் மூன்று மாதம் போராடியதை அவள் பத்தே நாளில் முடித்திருந்தாள்.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் ஃபைலைத் திறந்தேன். இழைக்குள் ஒளிவிலகல் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் புரொஃபைல் எண், ஃபைபர் செய்தவர்கள் கொடுத்தபடி 2. அதை 4 ஆக்கிவிட்டேன். சாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்!

மறுநாள், ஃபைபரை அளந்து பார்த்துவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பூஜிதா 2-னுதான் போட்டாளாம். அதை 4-னு மாத்துனது நீயா?"

"மருதமலை முருகன் சத்தியமா நான் இல்லைங்க சார்!"

சார் பெருமூச்சு விட்டார்.

"அளந்து பார்த்தா 4-தாம்மா சரி. ஃபைபர் செஞ்சவங்க குடுத்த எண்ணே தப்பு. அதைக் கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் ஆராய்ச்சிப் பேப்பர்ல முதல்ல போடலாம்னு இருந்தேன். செரி, பூஜிதா பேரே இருக்கட்டும். நீ போய் வேலையப் பாரு, கண்ணு."