பின்வரிசையில் நின்றவர்

பல்கலைக்கழக வரலாற்று நூலுக்காகப் பழைய கால்பந்து அணிப் படங்களுக்குப் பெயர் எழுதுவது என் வேலை. நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றில் பத்துப் பேர் இளைஞர்கள். பின்வரிசையில் நிற்கும் கோல்கீப்பருக்கு மட்டும் தலை நரைத்திருக்கும். அந்தப் படம் எடுத்த மறுவாரமே, இருபது வயதில், ஆற்றில் மூழ்கி இறந்தவர் அவர்.

அவருடைய அக்கா வருடம் தவறாமல் படத்தைப் பார்க்க வருவார். நேற்றும் வந்தார்.

"அறுபது வயசாச்சு சார் அவனுக்கு. முட்டி வலி எங்க குடும்பத்துக்கே உண்டு. இன்னும் நிக்க வெச்சிருக்கீங்களே!"

"படத்துக்குள்ள நான் எப்படிக்கா நாற்காலி போடுறது?"

"நீங்க போட வேணாம். அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் போனதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

இன்று காலை பெயர்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கைகள் முட்டியின் மேல். பின்வரிசையில், அவர் நின்ற இடத்தில், கேப்டன் நிற்கிறான்.