லாரி ஹாரனும் புது பிஸ்டனும்

பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்து ஒரு பைக் செய்தார்கள். ஹாரன்கூட ஒரு லாரியுடையதுதான். பிஸ்டன் மட்டும் புதுசு.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல்முதலாக பைக் ரோட்டுக்கு வந்தது. பால்கேன் மாட்டிய மொபெட் ஒன்று அதை முந்திக்கொண்டு போனது.

"மானம் போகுதுடா!" என்றது ஹாரன். "கொஞ்சம் வேகமா ஓடேன்."

"பொறுங்கண்ணே," என்றது பிஸ்டன். "நானும் சிலிண்டரும் இப்பத்தான் ஒண்ணு சேர்ந்திருக்கோம். மெல்ல ஓடிப் பழகணும். இப்பவே விரட்டினா சூடேறி இறுகிருவேன்."

"லாரியில இருந்தவன் நான். எனக்கே பாடமா?"

ஹாரன் விடாமல் அலறியது. முன்னால் போனவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். ரோடு காலியானதும் ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

"அண்ணே, எரியுது! நான் இறுகிட்டா பைக்கே நின்னுரும். திரும்ப எல்லாரும் அந்த இரும்புக் கடைதான்!"

ஹாரனுக்கு அந்தக் கடை நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்து கிடந்த இடமாயிற்றே!

அந்நேரம் பார்த்து ஆட்டு மந்தை ஒன்று ரோட்டில் இறங்கியது. ஓட்டுகிறவர் பிரேக் பிடித்து, ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். சத்தமே வரவில்லை. வேறு வழியில்லாமல் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஆடுகள் ஆற அமர நடந்தன. பிஸ்டனும் மெல்ல ஆறியது.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு," என்றது ஹாரன். "அந்தக் கடைசிக் குட்டியும் போகட்டும், இரு."