பினாங்கு வரைக்கும்

12 மே 2071. ‘இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். சின்னதுதானா, தெரியவில்லை’ என்று மாலை வகுப்பில் உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதினாள் தாரகை.

ஊர் சுற்றும் ஆசைக்குப் பொருத்தமாகத் தோளில் சிட்டுக்குருவியைப் பச்சை குத்தியிருந்தாள். அந்தப் பச்சைதான் பயணச்சீட்டு. படம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் போகலாம். ஆயுளுக்கு ஒருமுறைதான் குத்துவார்கள். மூன்று நாள் யோசித்தவள், அழகை மட்டுமே பார்த்திருந்தாள்.

“யானை குத்திக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேடி! இந்தக் குருவி பினாங்கு வரைக்கும்தான் பறக்கும், திரும்பி வராது” என்றாள் பக்கத்து இருக்கை மெஹர்.

பினாங்கில் தாரகையின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். இங்கே தாரகையின் மகளுக்கு ஒன்றரை வயது. பச்சை குத்தும் வயதாக இன்னும் பதினாறரை வருஷம் ஆகும்; அதுவரை குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது.

தாரகை கடைசி வரியை எழுதினாள்: ‘நாளை காலை: அம்மாவைக் கூப்பிட்டு, வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும்.’