வெள்ளோட்டம்

"படகு கட்டினவருக்குப் படகுல என்ன வேலை? இறங்கச் சொல்லுங்க அவரை."

படகுக்காரனின் மனைவி கணவன் காதோரமாகத்தான் சொன்னாள். ஆனால் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. புதுப் படகின் நடுப்பலகையில் சட்டமாக உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கும் கேட்டது. அவர் கேட்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு. எந்தப் படகு கட்டினாலும் வெள்ளோட்டத்துக்கு அவரும் வருவார். இல்லேன்னா தண்ணியில இறக்கவே விடமாட்டார்" என்றான் கணவன்.

"இத்தனை படகு கட்டியும் சவாரி ஆசை தீரலையாக்கும்."

மேஸ்திரி மேல் அவளுக்கு ஏற்கெனவே கடுப்பு. மழைக்கு முன்னால் தருகிறேன் என்ற படகை மழையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் தந்தார். அடித்த பலகையைக் கழற்றுவார், மறுபடி அடிப்பார். ஏன் என்று கேட்டால் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு தலையாட்டுவார். கணவனோ அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. புது மாப்பிள்ளை மாதிரி தலையை வாரிக்கொண்டு தினமும் பட்டறைக்குப் போய்ப் படகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அவளால் அப்படி மயங்க முடியவில்லை. அவளுடைய அப்பா கடைசியாகப் போனதும் ஒரு புதுப் படகில்தான். நடுக்கடலில் பலகை பிளந்துகொண்டது. அப்பா திரும்பி வரவில்லை.

அதனால்தான் இன்று பிடிவாதமாக அவளும் ஏறினாள்.

"எனக்கு மனசு ஒப்பலேன்னா இந்தப் படகு நமக்கு வேண்டாம். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சரிம்மா தாயே, முதல்ல உட்காரு."

உட்கார்ந்தாள். ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

'மீனுக்குப் பொறந்தவர்னு நினைப்பு' என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டாள்.

முகத்துவாரம் தாண்டியதும் முதல் பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. கணவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவள் மேஸ்திரியைப் பார்த்தாள்.

மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை.

கட்டியவருக்கே இப்படி உதறுகிறதென்றால், நம்பிப் போகிறவன் கதி என்ன?

"படகைத் திருப்புங்க" என்றாள் கணவனிடம்.

"ஏன்? நல்லாத்தானே போகுது?"

"அவர் மூஞ்சியைப் பாருங்க, தெரியும். மேஸ்திரி, உண்மையைச் சொல்லுங்க. எங்க கோட்டை விட்டீங்க? எந்தப் பலகை?"

"படகுல ஒரு குறையும் இல்லம்மா."

"அப்புறம் ஏன் இந்த நடுக்கம்? நீங்க கட்டின படகு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? என் புருஷன் தினமும் இதுலதான் போகணும்."

மேஸ்திரி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார்.

"படகு மேல நம்பிக்கை இருக்கு. தண்ணி மேலதான் பயம். எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

கணவனுக்கும் இது புதுச் செய்தி. இன்ஜின் வேகத்தைக் குறைத்தான்.

"பொறந்ததுலேர்ந்து கடலோரத்துல இருக்கீங்க. கத்துக்கிட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அவள். குரலில் பழைய காரம் இல்லை.

"கத்துக்கலாம். ஆனா நீச்சல் தெரிஞ்சா, பலகை வைக்கிறப்ப 'இவ்வளவு போதும்'னு தோணிடும்மா."