லாயக்கில்லைன்னு ஒரு சீட்டு

"பட்டாளத்துல சேரப் போறேன்" என்று கன்னையா சொன்னதும் நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குனிஞ்சு செருப்பை எடுக்க முடியலை. துப்பாக்கி தூக்கப் போறீங்களாக்கும்!"

சிரிக்க மாட்டாளா பின்னே? மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் யார்டில் வேலை செய்யும்போது கன்னையாவின் முதுகில் தண்டவாளக் கட்டை சரிந்து விழுந்தது. முதுகைக் கீறி ஆபரேஷன் செய்து, ஆறு மாசம் படுக்கப் போட்டுத்தான் எழுப்பி விட்டார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு வாளித் தண்ணீர் தூக்குவது நல்லம்மாள்தான்.

இது 1943. ஜப்பான்காரன் ஆட்சி. வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட ஊரெல்லாம் இந்தியப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். மைதானத்தில் கேட்ட பேச்சு கன்னையாவுக்குத் தலைக்கேறிவிட்டது.

"டாக்டர் என்ன சொல்றாரோ அதைக் கேட்டுக்கறேன்லா. போதுமா?"

நல்லம்மாளுக்கு அது போதும். ஆள் சேர்க்கிற இடத்தில் உடம்பைப் பார்க்கிறவர் டாக்டர் வேலாயுதம். கன்னையாவின் முதுகைக் கீறித் தைத்தவரே அவர்தான். விரட்டி விடுவார். கையோடு 'லாயக்கில்லை' என்று ஒரு சீட்டும் கொடுப்பார்.

பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க அந்தச் சீட்டுக்குத்தான் ரயில்வே கோட்டர்ஸில் பாதி ஆம்பிளைகள் அலைந்தார்கள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தவனெல்லாம் டாக்டர் வாசலில் போய் இருமினான், நொண்டினான். சீட்டு கிடைத்தவன் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக் கும்பிட்டான்.

மத்தியானம் கன்னையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"பாஸ் பண்ணிட்டார்! திங்கக்கிழமை கேம்புக்கு வரச் சொல்லிட்டாங்க."

நல்லம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சட்டையைக் கழட்டிப் பார்த்தாரா?"

"கழட்ட வேணாம்னுட்டார். திடமா இருக்கேன்னு எழுதிட்டார்."

அடுத்த வீட்டுப் புஷ்பவல்லி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வாரமா யாருக்குமே சீட்டு தரலையாம்கா. ஆள் பிடிச்சுக் கொடுத்தா டாக்டர் வீட்டுக்கு அரிசி போகுதாம். நம்மளுக்குத்தான் மரவள்ளிக்கிழங்கு."

நல்லம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போனாள்.

"இது உங்க கையெழுத்துதானே டாக்டரய்யா? கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

டாக்டர் வாங்கிப் படித்தார். நாலாகக் கிழித்தார். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டார்.

 நல்லம்மாள் கத்தினாள்.

"அடப்பாவி! நீங்களே தைச்ச முதுகு. அதை நீங்களே சாகக் கொடுக்கறீங்களே. ரெண்டு படி அரிசிக்கா?"

டாக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவா பேசும்மா. பட்டாளத்துல உன் புருஷனுக்குச் சமையல்கட்டு வேலை. கீரை ஆய்ஞ்சு கொடுத்தா போதும், நான் சொல்லி வெச்சிருக்கேன். இந்தக் கடிதாசி ஜப்பான்காரன் கண்ணுல பட்டா அதுக்குக்கூட விட மாட்டான்."

"விடலைன்னா வீட்டுல இருப்பார்."

"இருக்க விட மாட்டான்மா. நான் லாயக்கில்லைன்னு எழுதுற பேரெல்லாம் மறுநாளே அவன் மேசைக்குப் போயிடுது. பட்டாளத்துக்கு ஆகாதவன் சயாம்ல ரயில் பாதை போடட்டும்னு லோரியில ஏத்துறான். அங்க தண்டவாளக் கட்டை தூக்கணும். தூக்க முடியாதவனை அடிச்சே கொல்றானாம். போனவங்கள்ல ஒருத்தர்கூட இன்னும் திரும்பலை. உங்க கோட்டர்ஸுக்கு லோரி இன்னும் வரலை, அவ்வளவுதான்."

 நல்லம்மாளின் கோட்டர்ஸில் எத்தனை வீட்டில் அந்தச் சீட்டு இருக்கிறது!

"இது உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"திடமா இருந்த ஊரார் பிள்ளைகளையெல்லாம் பட்டாளத்துக்குப் பாஸ் போட்டேன். என் மகனை மட்டும் காப்பாத்திக்கணும்னு, நல்லா இருந்தவனை முதுகு சரியில்லைன்னு பொய் எழுதினேன்மா. முதல் லோரியில அவனைத்தான் ஏத்தினாங்க."